எட்டுப் பந்துக்குள் அடங்காத கீப்பர்

எங்க தேர்வாய் கண்டிகை டீக்கடையில தினேஷ் கார்த்திக் பேரை எடுத்தா ரெண்டே பேச்சுதான்: 2018 நிதாஹாஸ் கோப்பை இறுதியில் 8 பந்தில் 29 ரன், அப்புறம், 'தோனி மட்டும் வராம இருந்திருந்தா...'

முதலாவது சரி. இரண்டாவது பாதிதான் சரி. 2004இல் லார்ட்ஸில் அறிமுகமான போட்டியிலேயே மைக்கேல் வானை ஸ்டம்பிங் செய்தவர், கீப்பர் இடத்தை தோனியிடம் இழந்தது நிஜம்.

ஆனா 2007 இங்கிலாந்து டெஸ்ட் தொடரைப் பாருங்க. தோனி கீப்பர், கார்த்திக் தொடக்க ஆட்டக்காரர். 3 டெஸ்டில் 263 ரன். இந்திய அணியில் அவர்தான் முதலிடம். 1986க்குப் பிறகு அங்கே தொடரை வென்றோம்.

பிறகு ரன் வறண்டது, இடமும் போச்சு. மொத்தம் 26 டெஸ்ட்தான். எல்லாத்துக்கும் தோனியையே காரணம் சொன்னா, கார்த்திக்கின் சறுக்கலோடு சேர்ந்து அந்த 263 ரன்னும் மறைஞ்சு போகுது. அனுதாபம் வேண்டாம், கணக்கை முழுசா எழுதினா போதும்.