கயவாகுவை நம்பிய காலக்கணக்கு

சங்க இலக்கியத்தின் காலம் பற்றிய நூறாண்டுச் சண்டையில் தரவுகளைப் பற்றிய தகராறு குறைவுதான். சேர மன்னன் செங்குட்டுவன் பத்தினித் தெய்வமான கண்ணகிக்குக் கோயில் எடுத்தபோது இலங்கை மன்னன் கயவாகுவும் வந்திருந்தான் என்கிறது சிலப்பதிகாரம். கி.பி. 2ஆம் நூற்றாண்டில் கஜபாகு என்றொருவன் அநுராதபுரத்தில் ஆண்டான் என்கிறது இலங்கை வரலாற்று நூலான மகாவம்சம். இந்த இரண்டையும் யாரும் மறுப்பதில்லை. இருவரும் ஒருவரே, ஆகவே செங்குட்டுவன் காலமும் அதுவே என்பதுதான் ஊகம். வி. கனகசபைப் பிள்ளை 1904இல் ஆங்கிலத்தில் வெளியிட்ட, 'ஆயிரத்தெண்ணூறு ஆண்டுகட்கு முற்பட்ட தமிழகம்' என்று தமிழில் அறியப்படும் நூலின் காலக்கணக்கு இந்த ஊகத்தைச் சார்ந்தது. பிறகு அதுவே பாடநூல்களில் முடிந்த முடிவாகிவிட்டது. ஆனால் மகாவம்சத்தின் கஜபாகு கதையில் பத்தினி வழிபாடும் இல்லை, சேரர் தலைநகர் வஞ்சிக்குப் பயணமும் இல்லை. கணநாத் ஒபயசேகர 1984இல் பத்தினி வழிபாடு பற்றிய தம் பெருநூலில் இந்த முடிச்சையே கேள்விக்குள்ளாக்கினார்.

எஸ். வையாபுரிப் பிள்ளை எதிர்ப்பக்கத்தில் நின்றவர். சொல் வடிவங்களையும் வடசொற்களையும் வைத்துத் தொல்காப்பியத்தைக் கி.பி. 5ஆம் நூற்றாண்டுக்கும், சிலப்பதிகாரத்தை அதற்கும் வெகுவாகப் பின்னுக்கும் தள்ளினார். அதற்காக அவருக்குக் கிடைத்தது பெரும்பாலும் தமிழ்ப் பகைவர் என்ற பட்டம். அது பதிலே அல்ல. அவருடைய தரவுகள் சரியாக இருந்தாலும், பிற்காலச் சொல் ஒன்று இருந்தால் நூல் முழுதும் பிற்காலத்தது என்ற தாவல் சரியா என்று கேட்டிருக்க வேண்டும். ஏடு பெயர்த்து எழுதுகையில் சொல் மாறியிருக்கலாம், இடைச்செருகல் நுழைந்திருக்கலாம். அவரைத் திட்டியவர்களில் பலர் அந்தத் தாவலைத் தொடவே இல்லை.

சான்றுகள் இவ்வளவு அரிதான துறையில் ஊகத்தை விலக்கினால் வரலாறே எழுத முடியாதே என்று கேட்கலாம். உண்மைதான்; விலக்கச் சொல்லவில்லை. எந்த ஊகம் எத்தனை கால்களில் நிற்கிறது என்றுதான் பார்க்கச் சொல்கிறேன். கரூர் அருகே புகளூர்க் குன்றில் சமண முனிவர் ஒருவருக்கு வெட்டுவித்த பள்ளியின் கல்வெட்டு, கோ ஆதன் செல்லிரும்பொறை, அவன் மகன் பெருங்கடுங்கோ, அவன் மகன் இளங்கடுங்கோ என மூன்று தலைமுறைகளைத் தருகிறது. சேரரைப் பாடும் பதிற்றுப்பத்தின் 7, 8, 9ஆம் பத்துகளின் தலைவர்களோடு கல்வெட்டறிஞர் ஐராவதம் மகாதேவன் இவர்களைப் பொருத்தினார். பெயர்கள் எழுத்துக்கு எழுத்து ஒன்றல்ல, ஆகவே இதுவும் ஊகமே. ஆனால் குடி, வட்டாரம், தலைமுறை வரிசை எல்லாம் சேர்ந்து பொருந்துகின்றன. கயவாகுவுக்கு இருப்பதோ ஒற்றைப் பெயர்.

ஊகம் உண்மைக்கு முந்திக்கொள்வதும் உண்டு. அசோகன் சாசனம் சொல்லும் சதியபுத்திரர் யார் என்பதற்கு ஆளுக்கொரு விடை இருந்தது. அதியமான் குடியினரே என்றார் கே.ஜி. சேஷ ஐயர், அப்போது அது பல கருத்துகளில் ஒன்று. 1981இல் திருக்கோவிலூர்ப் பக்கத்து ஜம்பையில் கிடைத்த ஒரே வரிக் கல்வெட்டில் சதியபுதோ என்ற பட்டமும் அதியன் நெடுமான் அஞ்சி என்ற பெயரும் அடுத்தடுத்து நின்றன. மற்ற விடைகள் அன்றோடு வலுவிழந்தன.

கீழடி அகழாய்வு பற்றிய விவாதமும் தரவுக்கும் ஊகத்துக்கும் இடைப்பட்ட இந்த இடத்தில்தான் சிக்கியிருக்கிறது. 353 செ.மீ. ஆழத்தில் எடுத்த மாதிரிக்குக் கி.மு. 580 என்ற காலம் கிடைத்ததாக 2019இல் தமிழகத் தொல்லியல் துறை அறிவித்தது. அங்கே கிடைத்த பானை ஓட்டு எழுத்துக்கும் அதே காலம் என்ற முடிவு அதிலிருந்து எடுக்கப்பட்டது. ஆய்வுக்கூடம் கணித்தது அந்த மாதிரியின் வயதை. பானை ஓட்டில் கீறிய எழுத்தின் வயதை அல்ல. ஓடும் மாதிரியும் ஒரே காலத்து மண்ணில் படிந்தவை என்பதை அடுக்குகளைக் கொண்டு நிறுவ வேண்டும். இப்படிக் கேட்பது கீழடியைச் சிறுமைப்படுத்துவதாகும் என்கிறார்கள். எழுத்துள்ள ஓடுகள் கிடைத்த அதே அடுக்கிலிருந்து மேலும் பல மாதிரிகளின் காலம் வரிசையாக வெளிவந்தால், ஐயப்படுகிறவர்தான் வாயடைத்துப் போவார்.