அச்சமும் மனச்சான்றும்: லோயிஸ் டங்கனின் நாவல்கள்

அச்சம் பிறத்தற்குரிய நிலைக்களங்களைத் தொல்காப்பியர் மெய்ப்பாட்டியலில் அணங்கு, விலங்கு, கள்வர், இறை என நான்காக வகுத்துள்ளார். இவற்றுள் முன்னைய மூன்றும் அஞ்சுவோனுக்குப் புறத்தே நிற்பவை. இறுதியில் நிற்கும் இறையச்சமோ, தவறிழைத்தவன் தன்னை ஒறுக்க வல்லார் முன் கொள்ளும் அச்சமாகும். ஒறுக்கும் அவ்விறையை மனத்தினுள்ளேயே அமர்த்தி, இளைஞர்க்கென நாவல்கள் புனைந்தவர் அமெரிக்க எழுத்தாளர் லோயிஸ் டங்கன் (1934–2016). பிலடெல்பியாவிற் பிறந்து புளோரிடாவில் வளர்ந்த இவ்வம்மையார், பின்னர் நியூ மெக்சிக்கோப் பல்கலைக்கழகத்தில் இதழியல் கற்பித்தவர்.

1973இல் வெளிவந்த இவரது பெயர்பெற்ற நாவலின் தலைப்பு, 'சென்ற கோடையில் நீ செய்ததை நான் அறிவேன்' எனத் தமிழிற் பொருள்படும். இளைஞர் நால்வர் காரிற் செல்கையில், மிதிவண்டியில் வந்த சிறுவன் ஒருவனை மோதிவிட்டு நில்லாது செல்கின்றனர். சிறுவன் இறக்கின்றான். நால்வரும் உண்மையை மறைப்பதென உடன்படுகின்றனர். பின்னொருநாள், தலைப்பிலுள்ள அதே வாசகம் மட்டும் தாங்கிய கடிதம் ஜூலி என்னும் பெண்ணுக்கு வருகின்றது. இங்கு நம்மை நடுங்கச் செய்வது கடிதம் விடுத்தவனது கொடுமையன்று; அவன் கூறுவது உண்மையென்பதே. பழிவாங்க வருபவனும் பேயல்லன். இறந்த சிறுவனின் உறவினனாய், துயரினால் நிலைகுலைந்த மனிதனே. நால்வரும் உயிர் பிழைக்கின்றனர். நாவலில் இறப்பவன் அச்சிறுவன் ஒருவனே என்பது கருதத்தக்கது. அம்மரணத்தின் பாரம் வேறெம்மரணத்தாலும் குறைக்கப்படவில்லை.

1978இல் வெளிவந்த, ஆசிரியர் கிறிபினின் கொலை பற்றிய நாவல் இதனினும் ஆழமானது. கண்டிப்பு மிக்க ஆங்கில ஆசிரியரை அச்சுறுத்த எண்ணிய மாணவர் சிலர், அவரைக் கடத்திச் சென்று மலைப்புறத்திற் கட்டிவைக்கின்றனர். இதயநோயாளரான அவர் மருந்தின்றி இறந்துபடுகின்றார். அம்மாணவருள் சூசன் கல்வியிற் சிறந்தவள், தீயவளல்லள். தோழமைக்கு ஏங்கிய ஏக்கமே அவளைத் தீச்செயலுக்கு உடன்படச் செய்தது. 'அவர்கள் செய்தனர், நான் உடனிருந்தேன்' என்னும் சமாதானம் எத்துணைப் பொய்யானது என்பதை இந்நாவல் அறிவுரை கூறாமலே உணர்த்துகின்றது. எனினும் ஒரு குறை கூறவேண்டும். சூழ்ச்சிக்குத் தலைவனான மார்க்கை, இயல்பிலேயே மனச்சான்றற்றவன் என முடிவில் விளக்குவதால் ஏனையோரின் பொறுப்பு சற்றே தளர்ந்துவிடுகின்றது.

டங்கன் அணங்கச்சத்தையும் கையாளாமலில்லை. 1974இல் வெளிவந்த நாவலொன்றில், தனித்தமைந்த பள்ளியொன்றின் மாணவியர் மூலம் மறைந்த கலைஞர்கள் தம் படைப்புக்களைத் தொடர்கின்றனர். புதுமையான கற்பனைதான், ஆயினும் அங்கு மாணவியர் பிறர் செயலுக்கு ஆளாவோரேயன்றித் தம் செயலுக்கு விடைகூறுவோரல்லர். ஆகவே அந்நாவல் வியப்பைத் தருமளவுக்கு நெஞ்சை உறுத்துவதில்லை.

1997இல் முதற்கூறிய நாவல் திரைப்படமாயிற்று. இரும்புக் கொக்கி ஏந்திய மீனவன் ஒருவன் கொலைமேற் கொலை புரிவதாகக் கதை மாற்றப்பட்டது. அகத்திருந்த அச்சம் மீண்டும் கள்வரச்சமாய்ப் புறத்தே தள்ளப்பட்டது. இம்மாற்றத்தை டங்கன் வெளிப்படையாகவே கண்டித்தார். அதற்குக் கலைக்காரணம் மட்டுமன்று, சொந்தக் காரணமும் உண்டு. 1989இல் அவருடைய பதினெட்டு வயது மகள் அல்புக்கேர்க் நகரிற் சுட்டுக் கொல்லப்பட்டாள். கொன்றவர் யாரென்னும் வினாவையே தலைப்பாக்கி 1992இல் அவர் ஒரு நூல் எழுதினார். தம் வாழ்நாளில் அதற்கு நீதிமன்றின் விடையை அவர் பெறவில்லை. இளம்பெண்ணின் மரணம் களிப்பூட்டும் காட்சியாவதை அத்தாய் எவ்வாறு பொறுப்பார்?

இளைஞர் அச்சக் கதைகளைப் படித்தல் தகுமோ எனப் பெரியோர் ஐயுறுவதுண்டு. கதை அச்சுறுத்துகின்றதா என்பதினும், எதற்கு அஞ்சச் செய்கின்றது என்பதே வினாவாதல் வேண்டும். குருதிக்கு அஞ்சச் செய்யும் கதை விளக்கை ஏற்றியதும் மறைந்துவிடும். தன் செயலுக்கு அஞ்சச் செய்யும் கதையோ விளக்கொளியிலும் உடனிருக்கும். வள்ளுவர் தீவினையச்சம் என ஓர் அதிகாரம் வகுத்ததன் கருத்தும் இதுவன்றோ? டங்கனின் சிறந்த நாவல்கள் இளைஞர்க்கு ஊட்டுவது இவ்வச்சமே. அவை படிக்கத்தக்கவை என்பதற்கு அதுவே போதிய சான்றாகும்.