மக்கட் கதிரையும் ஸ்பானியக் கதிரையும்: போர்கே மொகென்சனின் தளபாடக் கலை பற்றிய ஒரு நோக்கு

கலைத் திறனாய்வு என்றதும் இலக்கியம், ஓவியம், சிற்பம் ஆகியனவே எமது கவனத்துக்கு வருகின்றன. நாள்தோறும் மனிதர் கைபட்டுத் தேயும் பொருள்கள் அதன் எல்லைக்கு வெளியே நின்றுவிடுகின்றன. எனினும், ஒரு சமுதாயம் தன் மக்களை எவ்வாறு மதித்தது என்பதை அறிய, அது படைத்த காவியங்களைப் போலவே அது செய்த கதிரைகளும் உதவக்கூடும். இந்நோக்குடனேயே டென்மார்க்கைச் சேர்ந்த போர்கே மொகென்சன் (1914-1972) 1958 இல் வடிவமைத்த ‘ஸ்பானியக் கதிரை’யை இங்கு ஆராய முற்படுகின்றோம்.

மொகென்சன் தச்சுத் தொழிலைக் கற்ற பின்னரே வடிவமைப்புக் கல்விக்கு வந்தவர். கொப்பன்ஹேகனில் உள்ள அரச கலைக்கழகத்தில் கோரே கிளின்ற் அவருக்கு ஆசானாக வாய்த்தார். பழைய தளபாடங்களை அளந்து வரைதல், மனித உடலின் அளவுகளையும் வீட்டுப் பொருள்களின் அளவுகளையும் கணித்தல், பின்னரே புதியதை ஆக்குதல் என்பது கிளின்றின் முறை. மரபை விலக்காமலும் அதற்கு அடிமையாகாமலும் பயிலும் இம்முறையே மொகென்சனின் ஆக்கங்கள் யாவற்றுக்கும் அடிப்படையாயிற்று.

1942 இல், டென்மார்க் ஜேர்மனியின் ஆக்கிரமிப்புக்கு உட்பட்டிருந்த காலத்தில், அந்நாட்டு நுகர்வோர் கூட்டுறவு இயக்கத்தின் தளபாட வடிவமைப்புப் பிரிவுக்கு அவர் தலைவரானார். 1950 வரை அப்பொறுப்பில் இருந்தார். சாதாரணக் குடும்பங்களின் வருவாய்க்கும் சிறிய வீடுகளுக்கும் ஏற்ற, உறுதியான தளபாடங்களை ஆக்குவதே அப்பிரிவின் பணி. 1947 இல் அவர் அமைத்த, ‘மக்கட் கதிரை’ எனப் பெயர்பெற்ற கதிரை இப்பணியின் சிறந்த விளைவு எனலாம். பீச் மரச் சட்டகம், முறுக்கிய காகிதக் கயிற்றாற் பின்னிய இருக்கை, அகன்ற ஒரு முதுகுப் பலகை: இவற்றுக்கு மேல் அதில் எதுவும் இல்லை. அமெரிக்காவின் ஷேக்கர் சமயக் குழுவினர் செய்த எளிய கதிரைகளின் சாயல் அதிலே தெளிவாகத் தெரிகின்றது.

பதினோர் ஆண்டுகளின் பின்னர் தோன்றிய ஸ்பானியக் கதிரை வேறோர் உலகுக்கு உரியது போலத் தோன்றும். தாழ்ந்த, பாரிய ஓக் மரச் சட்டகம். அதிலே சேணத்துக்குப் பயன்படும் தடித்த தோல் இருக்கையாகவும் முதுகாகவும் இழுத்துக் கட்டப்பட்டுள்ளது. பஞ்சோ சுருள்வில்லோ இல்லை. உடலின் பாரத்தைத் தோலே தாங்குகின்றது. காலப்போக்கில் தோல் தளரும்போது, முதுகின் பின்னும் இருக்கையின் கீழும் உள்ள வார்களின் கொளுவிகளை இறுக்கிச் சரிசெய்யலாம். கைதாங்கிகள் ஒரு குவளையை வைக்கத்தக்க அளவு அகன்ற பலகைகளாகும். இவ்வகலத்துக்குக் காரணம் உண்டு. மேசைகளை அகற்றித் திறந்த வெளியாக அமைத்த ஒரு வசிப்பறையின் பகுதியாகவே இக்கதிரை 1958 இல் காட்சிக்கு வைக்கப்பட்டது. மேசையின் வேலையைக் கைதாங்கி ஏற்றுக்கொண்டது.

இதன் மூலவடிவம் வடபுலத்துக்கு உரியதன்று. ஸ்பெயினிலிருந்து வட இந்தியா வரை, இஸ்லாமியப் பண்பாட்டின் செல்வாக்குப் பரவிய பகுதிகளில் வழங்கிய பழங்கதிரை வகையொன்றையே மொகென்சன் எடுத்துக்கொண்டார். அதன் செதுக்கு வேலைப்பாடுகளை நீக்கி, அமைப்பை மட்டும் வைத்துக்கொண்டார். ‘ஸ்கண்டினேவிய எளிமை’ என்பதை ஓர் இனத்தின் இயல்பான குணமாகக் காட்ட முயல்வோருக்கு இது தக்க மறுப்பாகும். பொருள்களைப் போலவே சொற்களும் கடல் கடக்கின்றன. நாம் அன்றாடம் வழங்கும் ‘கதிரை’ என்ற சொல்லும் ஐபீரியத் தீபகற்பத்திலிருந்து போர்த்துக்கேய மொழி வழியாக எம்மிடம் வந்ததே என்பது இங்கு நினைவுகூரத்தக்கது.

இனி, எமது முக்கிய வினாவுக்கு வருவோம். கூட்டுறவு இயக்கத்தின் வடிவமைப்பாளர், வசதி படைத்தோர் மட்டுமே வாங்கக்கூடிய கதிரையை ஆக்கியமை கொள்கை வழுவலாகுமா? ஓக் மரமும் தடித்த சேணத்தோலும் விலை உயர்ந்தவை. வெட்டுவதிலும் பொருத்துவதிலும் தேர்ந்த கைவினை வேண்டும். ஐம்பதுகளில் டேனியத் தளபாடம் வெளிநாட்டுச் சந்தைகளிற் பெரும்புகழ் எய்தியது. உள்நாட்டுக் கூட்டுறவு உறுப்பினரின் தேவையோடு ஏற்றுமதிச் சந்தையின் இரசனையும் வடிவமைப்பாளரின் கணக்கில் இடம்பெறலாயிற்று. இச்சூழலைக் கருதாது தனிமனிதரின் மனமாற்றத்தை மட்டும் தேடுவது இயந்திரப் பாங்கான விமர்சனமாகவே முடியும்.

அதேவேளை, வடிவத்தின் நேர்மையை வியந்து அதனோடு நின்றுவிடுவதும் போதாது. ஸ்பானியக் கதிரையிலும் மக்கட் கதிரையின் கோட்பாடு உயிரோடிருக்கின்றது என்பதை நாம் ஏற்கின்றோம். எப்பாகம் எதைத் தாங்குகின்றது என்பது கண்ணுக்குத் தெரிகின்றது. தளர்ந்த தோலை இறுக்க ஒரு தொழில்நுட்பவியலாளரை நாடவேண்டியதில்லை; பயன்படுத்துவோரின் கையே போதும். பொருளை அதன் பயனாளருக்கு விளங்கச் செய்யும் இப்பண்பு சனநாயகப் பண்பே. ஆயினும் அப்பண்பை அனுபவிப்போர் யார் என்பதைத் தீர்மானிப்பது வடிவமன்று. விலையும் விநியோக முறையுமே. மக்கட் கதிரைக்குப் பின்னால் அதை மக்களிடம் சேர்ப்பிக்கும் ஓர் இயக்கம் இருந்தது. ஸ்பானியக் கதிரைக்கு அத்தகைய இயக்கம் இருக்கவில்லை.

இன்று பழைய ஸ்பானியக் கதிரைகள் அரும்பொருள்களாக ஏலத்தில் விற்கப்படுகின்றன. கருமையேறிய தோலும், யாரோ பல்லாண்டுகள் அமர்ந்ததால் விழுந்த மடிப்புகளும் அவற்றின் மதிப்பைக் கூட்டுகின்றன. நெடுங்காலம் உழைக்கவேண்டும் என்று கருதிய வடிவமைப்பாளரின் நோக்கம் இதிலே வெற்றி பெற்றுள்ளது. ஆனால் அவ்வெற்றியின் பயன் சேகரிப்போர் கைக்கே போய்ச் சேர்ந்துள்ளது. மக்கட் கதிரைக்கும் ஏறத்தாழ இதே கதிதான். அது இன்றும் செய்யப்படுகின்றது. எனினும் புகழ்பெற்ற வடிவமைப்பாளரின் படைப்பு என்ற அடையாளத்தோடு, அதற்கேற்ற விலையிலேயே கிடைக்கின்றது.

ஆகவே, இவ்விரு கதிரைகளையும் எதிரெதிரே நிறுத்தி ஒன்றைப் போற்றி மற்றதைத் தூற்றுவதில் பயனில்லை என்பதே எமது துணிபு. ஒரே கையின் திறனும் ஒரே கோட்பாடும் இரண்டிலும் உள்ளன. ஓர் இயக்கம் உடனிருந்தபோது அத்திறன் சாதாரண வீட்டின் உணவு மேசைக்கு வந்தது; அது இல்லாதபோது காட்சிக்கூடத்துக்குச் சென்றது. மக்கள் கலை பற்றிப் பேசும் நாம், கலைஞரின் நல்லெண்ணத்தை அளப்பதோடு அமையாது, அவர் ஆக்கியதை மக்களிடம் கொண்டுசேர்க்கும் அமைப்புகளையும் ஆராயக் கடமைப்பட்டுள்ளோம்.