வால்வு ஆம்ப்ளிஃபயரில் எதிரொலி: ஸ்பிரிங்கா, லூப்பா?

1981-இல் ஜே.சி.எம்.800 வரிசையில் வெளிவந்த மார்ஷல் 2203 என்னும் 100 வாட் வால்வு ஆம்ப்ளிஃபயரின் மூல வடிவில், எதிரொலி தரும் ரிவெர்பும் இல்லை. ஓசையைப் பாதிவழியில் வெளியே எடுத்து, பெடல்களில் செலுத்தி, மீண்டும் உள்ளே கொண்டுவரும் எஃபெக்ட்ஸ் லூப்பும் இல்லை. இவற்றைப் பின்னர் சேர்க்க விரும்புவோர், எதைச் சேர்ப்பது என்பதோடு எந்த இடத்தில் சேர்ப்பது என்பதையும் ஆராய வேண்டும்.

ஸ்பிரிங் ரிவெர்ப் என்பது சுமார் 43 செ.மீ. நீளமுள்ள தகரத் தட்டில் மெல்லிய சுருள்கம்பிகளைத் தொங்கவிட்ட அமைப்பாகும். ஃபெண்டர் 1963 முதல் பின்பற்றிய முறையில், ஈ.சி.சி.81 வால்வு ஒரு சிறு ட்ரான்ஸ்ஃபார்மர் வழியாகக் கம்பியின் ஒரு முனையை அதிரச் செய்ய, மறுமுனையிலுள்ள சுருள் அந்த அதிர்வைச் சில மில்லிவோல்ட் மின்சைகையாக மாற்ற, இன்னொரு வால்வு அதைப் பெருக்குகிறது. ஓசையில் ஈரமும் ஆழமும் கூடுகின்றன என்றாலும், தட்டை விரலால் தட்டினால்கூட ஒலிபெருக்கியில் இடி முழங்கும். இரும்பு உருட்டாலைகளும் கனரக லாரிகளும் நிறைந்த கும்மிடிப்பூண்டி சிப்காட் போன்ற தொழிற்பகுதிகளில் தரையதிர்வு எளிதில் உட்புகும் என்பதால், தட்டை ரப்பர் தாங்கிகளின்மேல் அமர்த்துவதும், ஏற்குஞ்சுருளை 50 ஹெர்ட்ஸ் இரைச்சல் பரப்பும் மின் ட்ரான்ஸ்ஃபார்மரிலிருந்து இயன்றவரை விலக்குவதும் இன்றியமையாதவை. 2203-இன் பெட்டியிலோ அந்த விலகலுக்கு இடம் காண்பது எளிதன்று.

2203-இல் டிஸ்டார்ஷன் எனப்படும் ஓசையின் முறுக்கு பெரும்பாலும் ப்ரீஆம்ப் எனப்படும் முன்பகுதியிலேயே உண்டாவதால், ரிவெர்ப் பெடலைக் கிதாருக்கு அடுத்தே வைத்தால் எதிரொலியும் முறுக்கேறி, சுரங்கள் ஒன்றோடொன்று கலங்கிவிடுகின்றன. டோன் திருகிகளுக்குப் பின்னர் லூப் அமைத்தால், முறுக்கேறிய சுரத்தின்மேல் எதிரொலி தெளிவாகப் படர்கிறது. மாஸ்டர் திருகியை முழுதும் ஏற்றினால் மட்டும், இறுதி வால்வுகளின் முறுக்கு அத்தெளிவைச் சற்றுக் குறைக்கிறது. அவ்விடத்துச் சைகை 9 வோல்ட் பெடல் தாங்கும் அளவை மீறக்கூடும் என்பதால், அதைக் குறைத்து அனுப்பவும், திரும்பியதைப் பெருக்கவும் ஒரே ஈ.சி.சி.83 வால்வின் இரு பாதிகள் போதும். அதன் இழைக்கு 6.3 வோல்ட்டில் 0.3 ஆம்பியர் கூடுதலாகத் தேவைப்படுவதால், ட்ரான்ஸ்ஃபார்மர் அதைத் தாங்குமா என்பதை முன்னரே கணக்கிட வேண்டும்.

ஆகவே 2203-க்கு லூப்பே தகுந்த சேர்க்கை. முறுக்கற்ற தெளிந்த ஓசையை நாடும் ஆம்ப்ளிஃபயருக்கே ஸ்பிரிங் பொருந்தும். எதைச் சேர்த்தாலும், உள்ளே 400 வோல்ட்டுக்கும் மேற்பட்ட மின்னழுத்தம் இயங்குகிறது என்பதையும், பிளக்கைப் பிடுங்கிய பின்னரும் கெபாசிட்டர்கள் உயிருக்கு ஆபத்தான மின்னூட்டத்தைத் தேக்கி வைத்திருக்கக்கூடும் என்பதையும் மனத்திற்கொண்டு, பயிற்சி பெற்றவரிடமே இப்பணியை ஒப்படைக்க வேண்டும்.