வெள்ளை அங்கியும் கறுப்பு அங்கியும்

வளைகுடாவுக்கு வந்துசேரும் எம்மவர்கள் முதல் மாதத்திலேயே சொல்லிவிடும் வசனம் ஒன்றுண்டு: ‘எவ்வளவு காசு வந்தும் இவங்கள் தங்கட பழைய உடுப்பை விடேல்லைப் பாருங்கோ.’ நாங்கள்தான் வேட்டியைக் கைவிட்டோம் என்ற பெருமூச்சும் பின்னால் வரும். இந்தப் பெருமூச்சில் எனக்கு உடன்பாடில்லை. அரபிகளின் வெள்ளை அங்கி, இன்று நாம் காணும் வடிவில், எண்ணெய்க்குப் பிந்திய உடுப்பு.

எண்ணெய்க்கு முன்னர் இந்தக் கரையோரத்தவர்கள் முத்துக் குளித்து, முத்தைப் பம்பாய்க்கு விற்று வாழ்ந்தவர்கள். துணியும் அரிசியும் அங்கிருந்தே வந்தன. 1966 வரை இங்கே புழங்கியது ரூபாய்தான். 1959 முதல் வளைகுடாவுக்கென்றே தனி ரூபாய்த் தாளை இந்தியா அச்சடித்துக் கொடுத்தது. ஜப்பானியரின் வளர்ப்பு முத்து 1930களில் முத்துக்குளிப்பை விழுத்தியது. இன்று டுபாய்த் துணிக்கடையில் உயர்ந்த ரகம் என்று விலை பேசப்படுவது ஜப்பான் துணி. தொயோபோ போன்ற நிறுவனங்கள் இந்த அங்கிக்கென்றே பல தசாப்தங்களாக நெய்து அனுப்புகின்றன. தைப்பவர் மலையாளி, வங்காளி, பாகிஸ்தானி. ‘பாரம்பரிய உடை’ என்று சொல்லப்படுவதில் உள்ளூர் உழைப்பு எவ்வளவு என்று பார்த்தால், அணிபவரின் உடம்பு மட்டுமே மிஞ்சும்.

அப்படியானால் ஏன் அணிகிறார்கள்? 1962இல் அபுதாபி எண்ணெய் ஏற்றுமதி தொடங்கியது. 1971இல் கூட்டமைப்பு உருவானது. வேலைக்கென்று வெளியார் வந்து குவிந்தனர். இன்று நாட்டின் குடிமக்கள் ஏறக்குறைய பத்தில் ஒருவர். சொந்த நாட்டில் சிறுபான்மையாகிப்போன ஒரு சமூகம் தன் குடியுரிமையை உடம்பிலே எழுதிக்கொண்டது என்றே நான் இதை வாசிக்கிறேன். எச்சில் கோப்பை எடுப்பவனுக்கு இந்த எழுத்து விரைவில் பழகிவிடும். கழுத்துப்பட்டி இல்லாமல் நெஞ்சில் நீண்ட குஞ்சம் தொங்கினால் எமிராத்தி; குஞ்சம் குட்டையாக ஒரு பக்கம் ஒதுங்கியிருந்தால் ஓமானி; சேட்டுக் கொலர் வைத்திருந்தால் பெரும்பாலும் சவூதி. மேசைக்கு மறுபக்கம் நிற்கும் எங்களுக்கும் உடுப்பு உண்டு. நெஞ்சில் கடையின் பெயர், அதன் கீழே ஒரு துண்டுத் தகட்டில் முதலாளி வாசிக்க வசதியாகச் சுருக்கப்பட்ட எங்கள் பெயர். வெளியே வெயிலில் நிற்பவனுக்கு நீலக் கவருடை. வீட்டுக்குள்ளே பணிப்பெண்ணுக்கு ஒரே அச்சில் வெட்டிய நீளச் சட்டையும் காற்சட்டையும்.

பெண்களின் உடுப்பு இதைவிட வேகமாக மாறியது. அவுரி தோய்த்த துணியில் வெட்டிய முகமூடியை இப்போது பாட்டிமாரிடம்தான் காணலாம். பேத்திமார் அதை விட்டுவிட்டார்கள். தலையிலிருந்து தொங்கிய அபாயா தோளுக்கு இறங்கி, பூவேலையும் பளிங்குக் கற்களும் ஏறி, முன்பக்கம் திறந்து, மெல்லிய வர்ணங்களுக்கும் வந்துவிட்டது. சவூதியின் முடிக்குரிய இளவரசரே 2018 மார்ச்சில், கறுப்பு அபாயாதான் அணிய வேண்டுமென்று மார்க்கம் சொல்லவில்லை என்று அமெரிக்கத் தொலைக்காட்சியில் சொன்னார். 2019 செப்டெம்பரில் சுற்றுலா வீசா திறந்தபோது, வெளிநாட்டுப் பெண்கள் அபாயா அணியத் தேவையில்லை என்று அறிவித்தார்கள்.

அரேபியாவில் இப்படி இளகிக்கொண்டிருக்கும் அதே உடுப்புத்தான் எங்கள் கிழக்கில் இறுகிக்கிடக்கிறது. சேலைத் தலைப்பால் முக்காடிட்ட காத்தான்குடியில் 1980களுக்குப் பிறகு ஹபாயா பரவியது. மார்க்க இயக்கங்களின் பங்கு அதில் பெரிது. ஆண்களின் கட்டளையும் உண்டு. மறைக்கத் தேவையில்லை. ஆனால் அதைச் சூட்கேசில் கொண்டுவந்தவர்களில் மத்தியகிழக்குக்கு வீட்டுவேலைக்குப் போன ஏழைப்பெண்களும் இருந்தார்கள். அங்கே எசமானிக்கு அபாயா, இவளுக்கு வேலைக்காரிச் சட்டை. ஊர் திரும்பியவள் எசமானியின் உடுப்பை அணிந்துகொண்டு தன் தெருவில் நடந்தாள். இதை வெறும் மதமென்று வாசிக்கும் எங்கள் கட்டுரையாளர்களுக்கு அதற்குள் இருக்கும் வர்க்கம் கண்ணில் படுவதேயில்லை.

2018 ஏப்ரலில் திருகோணமலை சண்முகா இந்து மகளிர் கல்லூரியில் முஸ்லிம் ஆசிரியைகள் அபாயா அணியக்கூடாது, சேலைதான் உடுத்தவேண்டும் என்று ஆர்ப்பாட்டம் நடந்தது. சேலை எங்கள் பண்பாடாம். யாருடைய பண்பாடு? திருவிதாங்கூரில் சாணார் பெண்கள் மார்பை மூடலாம் என்று 1859இல்தான் அரச பிரகடனம் வந்தது, அதுவும் உயர்சாதிப் பெண்களைப்போல அணியக்கூடாது என்ற நிபந்தனையோடு. அது அயல்நாட்டுக் கதை என்று தள்ளிவிட முடியாது. யாழ்ப்பாணத்தில் இருபதாம் நூற்றாண்டிலும் ஒடுக்கப்பட்ட சாதிப் பெண்களை இரவிக்கை போடவிடாமல் தடுத்தவர்கள் அரபிகளல்லர். பாட்டியின் தோளிலிருந்து துணியை உரிந்தவர்களின் வாரிசுகள், இன்று இன்னொருத்தியின் தோளில் எந்தத் துணி கிடக்கவேண்டும் என்று பதாகை பிடிக்கிறார்கள். அடுத்த ஆண்டு ஏப்ரல் குண்டுவெடிப்புகளுக்குப் பின் அரசு முகத்திரையைத் தடைசெய்தபோது, முகம் மூடாமல் ஹபாயா மட்டும் அணிந்த பெண்களும் கடைவாசலிலும் ஆஸ்பத்திரியிலும் மறிக்கப்பட்டார்கள். எங்களில் பலருக்கு அது உள்ளூர ஒரு திருப்தி.

‘அவர்கள் அரபிகளாக மாறியதால்தான் எங்களோடு ஒட்டமுடியவில்லை’ என்ற பேச்சைப் புலம்பெயர் கூட்டங்களில் இன்னும் கேட்கலாம். 1990 அக்ரோபரில் விடுதலைப் புலிகள் வடக்கு முஸ்லிம்களைத் துரத்தினார்கள். யாழ்ப்பாண நகரத்தவர்களுக்குக் கிடைத்தது இரண்டு மணித்தியாலம். வாகனங்களில் ஏற்றப்பட்ட அந்தப் பெண்களில் அனேகர் எங்கள் தாய்மாரைப்போலச் சேலை கட்டி, அதன் தலைப்பாலேயே தலையை மூடியிருந்தவர்கள். அன்றைக்கு அவர்களுடைய உடுப்பைப் பற்றி எங்களுக்கு எந்த முறைப்பாடும் இருக்கவில்லை.