கற்கோடரியும் கிடந்த இடமும்: ஃபூட் சேகரிப்புப் பற்றிய ஒரு மதிப்பீடு

1863இல் பல்லாவரத்திலே பழைய கற்காலக் கருவியைக் கண்டெடுத்தவர் என்ற வகையிலேயே றொபேட் புறூஸ் ஃபூட் பெரிதும் பேசப்படுகின்றார். ஆயின், புவிச்சரிதவியலாளராகத் தென்னிந்தியா எங்கும் அலைந்த காலத்தில் அவர் திரட்டிய மெருகிட்ட கற்கோடரிகளும் வாய்ச்சிகளும் அதனிற் குறைந்த முக்கியத்துவமுடையனவல்ல. அச்சேகரிப்பைச் சென்னை அரசினர் நூதனசாலை 1904இல் வாங்கியது. ஃபூட் 1912இல் மறைந்தபின் அதன் விபரப்பட்டியல் 1914இலும், காலமும் பரம்பலும் பற்றிய குறிப்புகள் 1916இலும் வெளிவந்தன. இவ்விரு தொகுதிகளும் எதனைத் தருகின்றன, எதனைத் தரமாட்டா என்பதை வேறுபடுத்தி நோக்குதல் அவசியமாகும்.

முதற்கண் சிறப்பைக் கூறவேண்டும். அழகும் முழுமையும் வாய்ந்த பொருளை மட்டும் பொறுக்கிக் கண்ணாடிப் பேழையில் வைப்பது சேகரிப்போர் பலரின் இயல்பு. ஃபூட்டோ உடைந்தனவற்றையும் அரைகுறையாய் விடப்பட்டனவற்றையும் சேர்த்தார். அவை கிடைத்த ஊர்களையும் குறித்தார். இதனாலேயே செதுக்கல், பொளிதல், அரைத்தல், மெருகிடல் என்னும் செய்முறைப் படிகள் புலனாயின. கோடரியின் வாய் இருபுறமும் ஒத்துச் சரிந்து, பிடியின் போக்கிலே அமைவது. வாய்ச்சியின் வாய் பெரும்பாலும் ஒருபுறமே சரிந்து, பிடிக்குக் குறுக்காக நிற்பது. முன்னது மரத்தை வீழ்த்தவும் பின்னது மரத்தை இழைக்கவும் ஏற்றது. உடைந்த வாயை நோக்குபவனுக்கே உழைப்பின் வகை தெரியும்.

எனினும் இச்சேகரிப்பின் அடிப்படைக் குறையொன்றுண்டு. இவற்றுட் பெரும்பாலானவை நிலத்தின் மேற்பரப்பிற் பொறுக்கப்பட்டவை. ஊர்ப்பெயர் உண்டு, மண்படை இல்லை. வடிவங்கொண்டு இனம் பிரிக்கலாம். வயதை நிறுவ இயலாது. அக்குறையை நீக்கும் முயற்சியாக 1947இல் மோட்டிமர் வீலர் பிரமகிரியில் நடத்திய அகழ்வைக் கருதலாம். கற்கோடரிப் பண்பாடு பெருங்கற் பண்பாட்டுக்கு முந்தியது என்பதை மண்படைகள் காட்டின. வீலர் அதன் தொடக்கத்தைக் கி.மு. முதலாம் ஆயிரமாண்டின் முற்பகுதியில் வைத்தார். பின்னர் உட்னூர் முதலிய இடங்களிற் பெறப்பட்ட கதிரியக்கக் காபன் காலக்கணிப்புகள் அதனைக் கி.மு. மூன்றாம் ஆயிரமாண்டுக்குக் கொண்டு சென்றன. வீலர் தந்த ஆண்டுகள் வீழ்ந்தன. அவர் கண்ட படைவரிசை வீழவில்லை. இடமறிந்து எடுத்த சான்றின் வலிமை இதுவே.

பெல்லாரிக்கு அண்மையிலுள்ள சங்கனகல்லு, குப்கல் குன்றுகளும் இதனையே உணர்த்துகின்றன. அங்கு கோடரி செய்யப்பட்டதை ஃபூட் இனங்கண்டார். பின்வந்த ஆய்வாளர் டொலறைற் பாறை வெட்டப்பட்ட இடங்களையும் பட்டறைக் கழிவுகளையும் ஆராய்ந்து, வீட்டுத் தேவையை விஞ்சிய உற்பத்தி அங்கு நிகழ்ந்ததெனக் காட்டினர். இம்முடிவைத் தந்தவை மெருகிட்ட கோடரிகள் மட்டுமல்ல. எவரும் பேழையில் வைக்க விரும்பாத கற்சில்லுகளுமே. அண்மைக்காலக் கல்லகழ்வு அக்குன்றுகளைச் சிதைத்து வந்திருப்பது ஈடுசெய்ய முடியாத இழப்பாகும்.

இந்த அளவுகோலை நமக்கு உவப்பான சான்றுகளுக்கும் பிரயோகித்தல் வேண்டும். 2006இல் மயிலாடுதுறைக்கு அண்மையிலுள்ள செம்பியன் கண்டியூரில், தோட்டமொன்றிற் குழி தோண்டியபோது குறிகள் பொறித்த கற்கோடரியொன்று கிடைத்தது. ஐராவதம் மகாதேவன் அவற்றைச் சிந்துவெளி எழுத்துகளெனக் கொண்டு, முருகன் என்னும் பெயரை வாசித்தார். வேறு சிலர் அவை எழுத்துகள்தாமா என ஐயுற்றனர். காவிரிக் கழிமுகத்தின் வண்டல் மண்ணிலே இத்தகைய கல் இயல்பாக விளைவதன்று. அது வெளியிலிருந்தே வந்திருத்தல் வேண்டும். ஆனால் கல்லாக வந்ததா, கோடரியாக வந்ததா? குறிகள் அது கருவியாக விளங்கிய காலத்தவையா, பிற்காலத்தவையா? கோடரி மண்படையிலிருந்து முறையாக எடுக்கப்படாமையால், அது தனித்து நின்று இவ்வினாக்களுக்கு விடைதர மாட்டாது. தமிழின் தொன்மையை விழைவோரே இதனை முதலில் ஒப்புக்கொள்ளவேண்டும். ஆதாரத்தின் எல்லையை மீறிய பெருமை பிறரது முதல் வினாவிலேயே தளர்ந்துவிடும்.

எனவே, கற்கோடரியொன்றைக் காண்பவர் அதனைக் கழுவித் துடைத்து எடுத்துச் செல்லுமுன், அது கிடந்த இடத்தையும் ஆழத்தையும் அயலிற் கிடந்த ஓட்டையும் சில்லையும் குறித்தல் வேண்டும். ஃபூட் ஊரைக் குறித்தமையாலேயே அவரது சேகரிப்பு நூறாண்டு கடந்தும் பயன்படுகிறது. அவர் விட்ட இடத்திலிருந்து ஓர் அடியேனும் முன்செல்லாத சேகரிப்பு ஆய்வாகாது, அழிவிற்கே துணைபோகும்.