செகாவ் தங்கிய ஹோட்டலும் குஸேவ் செத்த கப்பலும்

கொழும்புக் கோட்டைப் பகுதியில், யோர்க் வீதி துறைமுகத்தை எட்டுமிடத்தில் கிராண்ட் ஓரியண்டல் ஹோட்டல் இருக்கிறது. ராணுவக் குடியிருப்பாக இருந்த கட்டிடம் 1875-இல் ஹோட்டலாயிற்று. இடையில் சில காலம் தப்ரபேன் என்று பெயர் மாற்றிக்கொண்டு, பிறகு பழைய பெயருக்கே திரும்பியது. 2018-இல் நான் இரண்டு இரவுகள் தங்கியபோது அது இலங்கை வங்கியின் துணை நிறுவனமொன்றின் வசம் இருந்தது. குமாஸ்தாவான எனக்கு இதில் அற்ப சந்தோஷம் ஒன்று இருந்ததை மறைப்பானேன்.

ஆனால் நான் போனது அதற்காக அல்ல, செகாவுக்காக. 1890 நவம்பரில், ஸகாலினிலிருந்து கடல் வழியாகத் திரும்புகையில், செகாவ் இங்கே தங்கினார் என்றும், ‘குஸேவ்’ கதையை இங்கேதான் எழுதத் தொடங்கினார் என்றும் ஹோட்டல் சொல்லிக்கொள்கிறது. அவர் பெயரில் அறை உண்டு, மார்பளவுச் சிலை உண்டு. அந்த அறை என் சம்பளத்துக்கு எட்டாதது. எனக்குக் கிடைத்தது பின்பக்கத்து அறை. சாப்பிட மாடிக்குப் போனால் துறைமுகம் முழுவதும் தெரியும். நீண்ட நேரம் அங்கே உட்கார்ந்திருந்தேன். கிரேன்களும் பெட்டிகளும் தெரிந்தன. செகாவ் தெரியவில்லை.

எழுத்தாளன் படுத்த கட்டிலை விற்பது உலகெங்கும் நடக்கிற வியாபாரம். சிங்கப்பூர் ராஃபிள்ஸ் ஹோட்டல் இதில் முன்னோடி. அங்கே சாப்பாடு பிரமாதம், அறைகள் மோசம், ஆகவே ராஃபிள்ஸில் சாப்பிட்டுவிட்டு வேறொரு ஹோட்டலில் போய்த் தூங்குங்கள் என்று கிப்ளிங் எழுதினார். அந்த யோசனையின் முன்பாதியை மட்டும் வெட்டியெடுத்து ராஃபிள்ஸ் விளம்பரம் செய்துகொண்டது. நம்மவர்களிடம் விற்பதற்கு ஹோட்டல் இல்லை. திருவல்லிக்கேணி மேன்ஷன்களில் எந்த அறையில் எந்தக் கவிஞன் எத்தனை மாத வாடகை பாக்கி வைத்தான் என்று யாரும் பலகை மாட்டப்போவதில்லை. ஆனால் பலகைக்கு ஏங்குகிற மனம் நம்மிடம் இருக்கிறது. நமது பயணக் கட்டுரைகளில் முக்கால்வாசி இந்த ஏக்கத்தின் விளைவுதான். ‘இங்கேதான் அவர் நின்றார்’ என்று எழுதி முடித்துவிட்டால், அவர் எழுதியதைப் படிக்கும் சிரமம் மிச்சம்.

திரும்பி வந்த செகாவ், டிசம்பரில் சுவோரினுக்கு எழுதிய கடிதத்தில் இலங்கையைச் சொர்க்கம் என்கிறார். ஸகாலின் நரகம். இந்தச் சொர்க்கத்தில் ரயிலேறி நூறு வெர்ஸ்ட் தூரம் – நம் கணக்கில் நூற்றுச் சொச்சம் கிலோமீட்டர் – உள்ளே போய் வந்திருக்கிறார். பனைகளையும் வெண்கல நிறப் பெண்களையும் பார்த்திருக்கிறார். நிலா வெளிச்சத்தில் தென்னந்தோப்பு. ஊருக்குக் கொண்டுபோகக் கீரிப்பிள்ளைகள். உல்லாசமான கடிதம், கொடுமையிலிருந்து மீண்ட முப்பது வயது மனிதனின் உல்லாசம். அதைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை.

சங்கடம் வேறு இடத்தில் இருக்கிறது. இந்த மனிதர் மூன்று மாதம் ஸகாலினில் ஒவ்வொரு கைதியின் குடிசையிலும் நுழைந்து, பெயர், வயது, மதம், எந்த ஊர், படிக்கத் தெரியுமா என்று கேட்டு, சுமார் பத்தாயிரம் அட்டைகளைத் தன் பொறுப்பில் நிரப்பியவர். படிவம் நிரப்புவது என் தொழில். ஒரு நாளைக்கு நாற்பது படிவம் நிரப்பினாலே மாலையில் எதிரே உட்கார்ந்திருப்பவர் முகம் மறந்துவிடும். பத்தாயிரம் அட்டைக்குப் பிறகும் முகம் மறக்காமலிருந்தது அபூர்வமான ஒழுக்கம். 1895-இல் புத்தகமாக வந்த ‘ஸகாலின் தீவு’ அந்த ஒழுக்கத்தின் சாட்சி. இப்பேர்ப்பட்ட கண் கண்டி மலைப் பக்கம் ரயிலில் போய், சொர்க்கத்தை மட்டும் பார்த்துவிட்டு இறங்கியிருக்கிறது.

அந்த ரயில்பாதையே காப்பி மூட்டைகளுக்காகப் போட்டது. 1867-இல் கண்டியைத் தொட்டது. 1869-இல் தென்பட்ட இலைநோய் காப்பியை அழித்தது. செகாவ் வந்த சமயத்தில் மலைகள் தேயிலைக்கு மாறிவிட்டிருந்தன. நட்டவர்கள் நம் ஜில்லாக்காரர்கள். திருச்சி, சேலம், புதுக்கோட்டைப் பக்கங்களிலிருந்து மண்டபம் வந்து, கடல் தாண்டி, மன்னார்ப் பக்கம் இறங்கி, காட்டு வழியில் மாத்தளைக்கு நடந்தவர்கள். அந்த வடக்குப் பாதையில் வாந்திபேதியிலும் காய்ச்சலிலும் விழுந்தவர்களை அட்டையில் குறிக்க ஆளில்லை. செகாவின் சொர்க்கத்துக்கு மேலே, ஒரு கூப்பிடு தூரத்தில், லயன் வீடுகள் இருந்தன.

என் அப்பாயி அந்த லயன் ஒன்றில் பிறந்தவள். ஹட்டன் பக்கம். செட்டிகுளத்திலிருந்து அவளுடைய தாத்தா போனார். வெங்காயம் விளைகிற கறுப்பு மண்ணை விட்டு ஏன் போனார் என்பதற்குப் பஞ்சம் என்கிற ஒற்றைச் சொல்தான் வீட்டில் மிச்சம். 1948-இல் பிரஜாவுரிமை போயிற்று. 1964 அக்டோபரில் சிறிமாவோவும் சாஸ்திரியும் ஒப்பந்தம் செய்தார்கள்: 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு, மீதி 1,50,000 பேர் பிறகு பார்த்துக்கொள்ளலாம். இதுவும் ஒருவகை எண்ணிக்கை. செகாவின் எண்ணிக்கையில் ஒவ்வோர் அட்டைக்கும் எதிரே ஓர் ஆள் உட்கார்ந்திருந்தான். இதில் ஆளே இல்லாமல் கணக்கு நேரானது. எழுபதுகளில் அப்பாயி தலைமன்னாரில் கப்பலேறி வந்து சேர்ந்தாள்.

கொழும்புக்குப் போகிறேன் என்றதும் அவள் கேட்டாள்: “அங்க என்னடா இருக்கு ஒனக்கு?” ஒரு ரஷ்ய எழுத்தாளர் தங்கிய ஹோட்டல் என்றேன். “நா கொளும்பப் பாத்ததே இல்ல சாமி. ரயிலு நேரா தலமன்னாருக்குல்ல போச்சு” என்றாள். எனக்கோ நேரக் கணக்கில் சென்னையைவிடக் கொழும்பு பக்கம். திருச்சியில் விமானம் ஏறினால் ஏறக்குறைய ஒரு மணி நேரம்.

ஆகவே செகாவ்மீது குற்றப்பத்திரிகையா? முற்போக்கு நண்பர்கள் அப்படித்தான் எழுதுவார்கள் – ஏகாதிபத்திய ரயிலில் ஏறிய பூர்ஷ்வா, இத்யாதி. அவர்களுக்கு உதவியாக அதே கடிதத்தில் ஹாங்காங் பற்றி ஒரு பகுதியும் இருக்கிறது. வெள்ளைக்காரன் சுரண்டுகிறான் என்று திட்டிய சக ரஷ்யர்களைப் பார்த்து, அவனாவது சாலையும் மியூசியமும் தருகிறான், நாம் சுரண்டுவதற்குப் பதில் என்ன தருகிறோம் என்று நினைத்ததாகச் செகாவ் எழுதுகிறார். கடிதத்தை வைத்து வழக்கை ஜெயித்துவிடலாம். கதையை வைத்து முடியாது.

‘குஸேவ்’ 1890 கிறிஸ்துமஸ் சமயத்தில் அச்சாயிற்று. அச்சுக்குப் போகுமுன் செகாவ் சுவோரினுக்கு ஒரு குறிப்பு எழுதினார்: கதை இலங்கையில் கருக்கொண்டது, ஆகவே பகட்டுக்கு வேண்டுமானால் அடியில் ‘கொழும்பு, 12 நவம்பர்’ என்று போட்டுக்கொள்ளுங்கள். பகட்டுக்கு! ஹோட்டலின் பலகையை செகாவே முன்கூட்டிக் கிண்டல் செய்துவிட்டார். கதையைப் படித்துப் பாருங்கள். கொழும்பு இல்லை, தென்னை இல்லை, நிலா வெளிச்சப் பெண் இல்லை. கப்பலின் அடித்தளத்தில் சிப்பாய் ஒருவன் க்ஷயத்தில் செத்துக்கொண்டிருக்கிறான். அவன் மனதில் ஓடுவது ஊர்க் குளம், பனி, சறுக்கு வண்டியில் அண்ணன் பிள்ளைகள். சொர்க்கத்தில் இருந்துகொண்டு இந்த ஆள் எழுதியது பனியை. வழியில் இரண்டு பிணங்களைக் கப்பலிலிருந்து கடலில் போட்டதைப் பார்த்தவர், கீரிப்பிள்ளைகளைக் கடிதத்துக்கும் பிணங்களைக் கதைக்குமாகப் பிரித்துக்கொண்டார் என்றே எனக்குத் தோன்றுகிறது (பிணங்களும் கடிதத்தில் இருக்கின்றன, ஆனால் தங்கவில்லை).

அதைவிட முக்கியமானது ஒன்று. இந்தக் குஸேவ் அப்பாவி, அதிகாரிக்கு எடுபிடியாக இருந்தவன், சாகும்போது அம்மாவை நினைக்கிறவன். அவனே, தன் முற்றத்துக்கு வந்த நாலு சீனர்களை அடித்ததாகச் சர்வசாதாரணமாகச் சொல்கிறான். ஏன் அடித்தாய் என்றால் காரணம் இல்லை; சலிப்பு. ஸகாலின் அட்டைகளின் விளைச்சல் இங்கேதான் என்று நினைக்கிறேன். மிதிபட்டவன் மிதிக்கவும் செய்வான் என்பதைக் கோபமோ கண்ணீரோ இல்லாமல் ஒருவர் எழுதிவிட்டார். பக்கத்துப் படுக்கையில் அநியாயத்தை எதிர்த்துப் பேசிக்கொண்டே இருக்கிற பாவெல் இவானிச்சும் சாகிறான். இருவரையும் ஒரே கடல் வாங்கிக்கொள்கிறது.

நம் பக்கம் திரும்பினால், புதுமைப்பித்தனின் ‘துன்பக்கேணி’ நினைவுக்கு வருகிறது. மருதியைத் தேயிலைத் தோட்டத்துக்குக் கொண்டுபோன கதை. செகாவின் ரயில் காட்டாததை இது காட்டியது. அந்த வகையில் நமக்கு இதன்மீது கடன் உண்டு. ஆனால் கதை அங்கங்கே சம்பவங்களின் கனத்தில் மூச்சு வாங்குகிறது; துன்பத்தை அடுக்கிக்கொண்டே போகிற வேகத்தில் மருதி சமயத்தில் உதாரணமாகி விடுகிறாள். புதுமைப்பித்தனின் உச்சமான கதைகளோடு இதை வைக்க என்னால் முடியாது. 1948-இல் அவரும் செகாவைப் போலவே க்ஷயத்தில் போனார் என்பதை வைத்து ஒப்பிட்டு உருகுகிற வேலையை வேறு யாராவது செய்யட்டும்.

குஸேவைப் போல, அடிபட்டும் அடித்தும் வாழ்ந்த ஒருவனை லயனுக்குள்ளிருந்து எழுதியவர்கள் மலையகத்திலேயே இருக்கிறார்கள். தெளிவத்தை ஜோசப் (1934–2022) ஒருவர். கங்காணியையும் தொழிலாளியையும் பக்கத்து வீட்டுக்காரர்களாகவே எழுதினார். தமிழ்நாட்டில் அவரைப் பரவலாகக் கவனித்தது 2013-இல் விஷ்ணுபுரம் விருது கிடைத்த பிறகு. அப்போது அவருக்கு வயது எழுபத்தொன்பது. செகாவை ஆங்கிலத்தில் முழுக்கப் படித்துவிட்டதாகப் பெருமைப்பட்டுக்கொண்டிருந்த நானும் அந்தத் தாமதக்காரர்களில் ஒருவன். அப்பாயி வீட்டில் இருக்கும்போதே.

ஊர் திரும்பியதும் அவளிடம் ‘குஸேவ்’ கதையைச் சொன்னேன். ஆங்கிலத்திலிருந்து என் தமிழில், தட்டுத் தடுமாறி. வெங்காயத் தாளைக் கிள்ளிக்கொண்டே கேட்டாள். பிணத்தைப் பாய்த்துணியில் தைத்துக் கடலில் போடுகிற இடம் வந்ததும் கை நின்றது. “கப்பல்ல எங்க கூட வந்த கெழவன் ஒருத்தன்…” என்று ஆரம்பித்தாள். பிறகு, “நீ சொல்லு, அவனுக்கு என்ன ஆச்சு” என்றாள்.